எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம்: புலன் சாகசப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய்வர முழுமையான வழிகாட்டி

முதல் தடவை போனபோது நுழைவாயிலில் கொடுத்த வரைபடத்தை வாங்கி, 1 என்று எண் போட்டிருந்த இடத்திலிருந்தே தொடங்கினோம். முதலில் இருட்டுச் சுரங்கம். அடுத்தது சுழலும் உருளை. மூன்றாவது, தட்டினால் நெஞ்சுவரை அதிரும் உலோகக் குழாய்க் கூடம். பதினொன்றரை மணிக்குச் சின்ன மகள் ஒரு பெஞ்சுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். இன்னும் பத்து இடம் பாக்கி என்று பெரியவனுக்குக் கோபம். வெறுங்கால் பாதையில் நடந்துவிட்டு வந்த என் அப்பா, உள்ளங்காலில் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தார். பூங்காவில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் போன வரிசைதான் தப்பு.

சாதாரண ராட்டினப் பூங்கா என்றால் கூட்டத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் கணக்குப் போட்டால் போதும். புலன் பூங்காவில் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதையும் கணக்குப் போட வேண்டும். அங்கே இருப்பவை எல்லாம் கண், காது, தோல், மூக்கு, சமநிலை என்று ஏதாவது ஒன்றை உசுப்பத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. எதற்குப் பின்னால் எது, நடுவில் எவ்வளவு ஓய்வு என்று தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில்: இந்தப் பூங்காவுக்குள் என்ன இருக்கிறது

இந்த யோசனைக்குப் பல வேர்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹூகோ கியூகெல்ஹவுஸ், மனிதர்கள் தங்கள் புலன்களையே விளையாட்டுப் பொருளாக்கிப் பழகும் ‘அனுபவக் களம்’ ஒன்றை உருவாக்கி, அதன் கருவிகளை 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் வைத்தார். தள்ளாடும் பலகை, பெரிய ஊஞ்சல், ஒலிக்கும் கல் போன்றவை அந்த வழியில் வந்தவை. 1970களில் நெதர்லாந்தில், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக மெல்லிய விளக்கு, குமிழித் தூண் (உள்ளே நீர்க்குமிழிகள் மேலேறும் விளக்குத் தூண்), மெத்தை, இதமான இசை எல்லாம் கொண்ட அறைகளை அமைத்தார்கள். ‘ஸ்னூஸலன்’ என்று பெயர். முகர்ந்து பார்ப்பது, கண்ணயர்வது என்ற இரண்டு டச்சுச் சொற்களை ஒட்டவைத்த பெயர் அது. ஜெர்மனியின் வெறுங்கால் பூங்காக்கள் இன்னொரு வேர்: சேறு, கூழாங்கல், மரப்பட்டை, ஓடும் நீர் என்று கால் வழியாகவே ஊரைச் சுற்றிக்காட்டும் பாதைகள்.

இந்த வரலாறு வெறும் தகவல் இல்லை. உற்சாகப்படுத்துபவை, அமைதிப்படுத்துபவை என்று இரண்டு ரகமும் ஒரே பூங்காவுக்குள் கலந்து கிடப்பது ஏன் என்று இதிலிருந்து புரியும். வரைபடத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. எல்லாம் ஒரே அளவு வட்டத்துக்குள் ஒரே மாதிரி எண்தான். பிரித்துப் பார்க்கும் வேலை நம்முடையது.

படி 1: வீட்டில் யாருக்கு எது, ஒரு தாளில் எழுதுங்கள்

ஐம்புலன் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இந்தப் பூங்காவுக்கு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, உட்காதில் இருக்கும் சமநிலைப் புலன். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, சுற்றுகிறது என்று சொல்வது அதுதான். இரண்டாவது, தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் புலன். கண்ணை மூடிக்கொண்டாலும் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதே, அது. மூன்றாவது, பசி, தாகம், சிறுநீர் முட்டுவது என்று உடம்புக்குள் நடப்பதைச் சொல்லும் புலன். நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றாவதால்தான். விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தாகம் எடுப்பதே தெரியாது. அது அழுகையாகத்தான் வெளியே வரும்.

ஒரு வாரம் கவனித்தால் போதும். ஊஞ்சலில் ‘இன்னும், இன்னும்’ என்று கேட்கிறதா, இரண்டே ஆட்டத்தில் இறங்கிவிடுகிறதா? சட்டைக் கழுத்திலிருக்கும் லேபிளை வெட்டச் சொல்கிறதா? கதவு படாரென்று சாத்தினால் எப்படித் துள்ளுகிறது? சோபாவின் மேலிருந்து குதித்துக்கொண்டே இருக்கிறதா? ஆளுக்கொரு கட்டம் போட்டு, ‘தேடுவது’, ‘தவிர்ப்பது’ என்று எழுதிவிடுங்கள். பெரியவர்களையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளை எழுதியபோதுதான், இருட்டுச் சுரங்கத்தைத் தாங்காதது மகள் இல்லை, நான்தான் என்று தெரிந்தது. அவளுக்குத் தொல்லையாக இருந்தது சத்தம்.

மருத்துவ விஷயங்களையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். இவற்றில் அலட்சியம் கூடாது.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்கால் பாதையில் நடக்கவே வேண்டாம். காலில் ஏதாவது குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. அந்தப் புண்ணே பெரிய ஆபத்தாகிவிடும். கொப்புளத்தோடு தப்பித்த என் அப்பாவுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒளிக்கு வலிப்பு வரக்கூடியவர்களுக்கு, விநாடிக்கு ஏறக்குறைய 3 முதல் 30 முறைவரை மின்னும் விளக்குகள் ஆபத்தானவை. எதிர்பாராமல் அப்படி ஒரு அறைக்குள் போய்விட்டால், உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுதாக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பி வெளியே வர வேண்டும். இரண்டு கண்ணையும் சும்மா இறுக்கிக்கொண்டால் இமை வழியாகவும் ஒளி புகும்.

காது கேட்க உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவி வைத்திருக்கும் பிள்ளைகள் பிளாஸ்டிக் சறுக்குமரம், பந்துக் குளம் பக்கம் போகுமுன் வெளிக்கருவியைக் கழற்றிவைப்பது பழைய கருவிகளுக்கு வழக்கமான அறிவுரை. நிலைமின்சாரம் கருவியின் அமைப்பைக் கெடுத்துவிடலாம். உங்கள் கருவிக்கு எப்படி என்று செவித்திறன் நிபுணரிடம் (ஆடியாலஜிஸ்ட்) கேட்டுக்கொள்ளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கலாம். எனவே டிராம்போலின், தலைகீழாகச் சுற்றுபவை எல்லாம் மருத்துவரைக் கேட்டபிறகுதான். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எல்லாருக்கும் இதே பேச்சுத்தான்.

படி 2: டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு போன்

இணையதளத்தில் படங்கள் அழகாகத்தான் இருக்கும். போன் செய்து இவற்றைக் கேளுங்கள்: அமைதி அறை இருக்கிறதா, அது எங்கே, பூட்டி வைத்திருப்பார்களா? ஒலியையும் விளக்கையும் குறைத்துவைக்கும் நேரம் ஏதாவது உண்டா? வரிசையில் நிற்க முடியாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு, அதற்குக் காகிதம் ஏதும் வேண்டுமா? உள்ளே போய்ப் பாதியில் திரும்பிவர வழி இருக்கிறதா? வெளியே போய்விட்டு அதே டிக்கெட்டில் மறுபடி வரலாமா? வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாமா? எந்த விளையாட்டுக்குப் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

பாதியில் திரும்பும் வழியை நான் அழுத்திக் கேட்பேன். ஒருவழிப் பாதையாகக் கட்டிய சுரங்கத்தின் நடுவில் ஐந்து வயதுப் பிள்ளை ‘வேண்டாம்’ என்று நின்றுவிட்டால், பின்னால் இருபது பேர் நிற்கும்போது என்ன செய்வீர்கள்? நல்ல பூங்காவில் இதற்கு உடனே பதில் வரும். ‘அப்படியெல்லாம் யாரும் பயப்பட மாட்டார்கள் சார்’ என்றால் இன்னொரு பூங்காவைப் பாருங்கள்.

அமெரிக்காவின் சான் அந்தோனியோவில் 2010இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் போல, மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து விளையாடுவதற்கென்றே கட்டிய பூங்காக்களும் உண்டு. 2016இல் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திப் பட்டை இப்போது பல நாடுகளில் பழக்கத்துக்கு வந்துவிட்டது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் பச்சைப் பட்டை அது. பூங்கா ஊழியர்களுக்கு அது தெரியுமா என்று அதே போனில் கேட்டுவிடலாம்.

படி 3: நாளும் நேரமும்

இதில் யோசிக்க அதிகம் இல்லை. பள்ளி விடுமுறை இல்லாத வாரநாள், கதவு திறக்கும் நேரம். பள்ளிச் சுற்றுலாக்கள் வரும் நாளா என்று கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒலிக்கூடத்துக்குள் இருந்தால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்!

மொத்தம் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் மூன்று. ‘இவ்வளவு காசு கொடுத்துவிட்டு மூன்று மணி நேரமா?’ என்று வீட்டில் ஒரு குரல் வரும். வரட்டும்.

படி 4: பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவது

மூன்று நாளுக்கு முன்பே பூங்காவின் படங்களைக் காட்டுங்கள். ‘முதலில் இது, அப்புறம் இது’ என்று நான்கைந்து படத்தை ஒரு அட்டையில் ஒட்டினால் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய தைரியம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே வகுத்த ‘சமூகக் கதை’ முறையும் இதற்குப் பொருத்தம். போகும் இடத்தில் என்ன நடக்கும், அப்போது என்ன செய்யலாம் என்று பிள்ளையின் பார்வையிலிருந்தே சொல்லும் சின்னக் கதை. ‘அங்கே ஒரு இருட்டு அறை இருக்கும். நான் விரும்பினால் போகலாம். வெளியே அம்மாவோடு நிற்கவும் செய்யலாம்.’ அவ்வளவுதான். ஆட்டிசம் இல்லாத பிள்ளைக்கும் இது உதவும்.

ஒரு சைகையையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கையைத் தலைமேல் வைத்தால் ‘போதும், வெளியே போகலாம்’ என்று அர்த்தம். சத்தமான இடத்தில் வாயால் சொல்வது கேட்காது. பதறிப்போன பிள்ளைக்குச் சொல் வரவும் வராது. ஒரு நிபந்தனை: அந்தச் சைகையைக் காட்டினால் கேள்வி கேட்காமல் வெளியே கூட்டிப்போக வேண்டும். ஒருமுறை ‘இன்னும் ஒரே ஒரு நிமிஷம்’ என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை பிள்ளை சைகை காட்டாது, நேரே அழுகைதான்.

படி 5: பை

காது மூடி (காதுக்குள் செருகுவது இல்லை, மேலே கவிழ்ப்பது). தொப்பி. ஆளுக்கொரு மாற்றுடை, சின்னவர்களுக்கு இரண்டு. காலைத் துடைக்கத் துண்டு. நனைந்த துணிக்குப் பிளாஸ்டிக் பை. தண்ணீர், வீட்டில் பழகிய சாப்பாடு. பிளாஸ்திரி, வழக்கமான மருந்துகள். கையில் பிசைய ஏதாவது ஒரு பொருள்.

உடை விஷயத்தில் ஒன்று. கழுத்தில் கயிறு தொங்கும் சட்டை, ஷால், நீண்ட சங்கிலி எதுவும் வேண்டாம். சறுக்குமரத்திலும் கயிற்று வலையிலும் அவை மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கிவிடும். முழங்காலை மூடும் மெல்லிய பேன்ட் நல்லது. தவழும் சுரங்கங்களில் முட்டி தேயாது.

படி 6: உள்ளே, எந்த வரிசையில்

இனிதான் உண்மையான திட்டமிடல். வரைபடத்தையும் ஒரு பேனாவையும் எடுங்கள். முதல் நாள் இரவே இணையத்திலிருந்து எடுத்துவைத்திருந்தால் இன்னும் நிதானமாகச் செய்யலாம். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள். ஏறுவது, தொங்குவது, தள்ளுவது, இழுப்பது எல்லாம் ‘உ’, அதாவது உழைப்பு. சுற்றுவது, ஆடுவது, சாய்வது ‘சு’. ஒலி, ஒளி, இருட்டு, கண்ணாடி அறை எல்லாம் ‘க’. கண்ணையும் காதையும் கலக்குபவை. சேறு, மணல், நீர், மணத் தோட்டம், குமிழித் தூண் எல்லாம் ‘த’, தணிப்பவை.

தொடக்கம் ‘உ’. கயிற்று வலை, ஏறும் சுவர், தாண்டும் கட்டைகள். தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுக்கும் அசைவு உடம்பை ஒரு நிலைக்குக் கொண்டுவரும் என்று, அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் சொல்வதுண்டு. ‘கனமான வேலை’ என்று அதற்கு அவர்கள் வட்டாரத்தில் பெயர். காரில் இரண்டு மணி நேரம் அடைந்துகிடந்து வந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. துள்ளிக்கொண்டே இருக்கும் பிள்ளையும் நிதானமாகும், ஒதுங்கி நிற்கும் பிள்ளையும் விழித்துக்கொள்ளும்.

அப்புறம் ஒரே ஒரு ‘க’. பிள்ளைகள் இன்னும் தெம்பாக இருக்கும்போது, கூட்டம் சேருமுன் அதை முடித்துவிட வேண்டும். இருட்டு அறை என்றால் வாசலில் இரண்டு மூன்று நிமிடம் நிழலில் நின்றுவிட்டுப் போங்கள். வெயிலிலிருந்து நேரே இருட்டுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. கண் இருளுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஆனால் முதல் சில நிமிடங்களிலேயே நிறையத் தெளிந்துவிடும். பாதிப் பயம் அந்தச் சில நிமிடத்தில்தான் பிறக்கிறது. உள்ளே ஒரு கை எப்போதும் சுவரில் இருக்கட்டும்.

ஒலிக்கூடத்துக்கு ஒரு கணக்கு. சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். தொழிலிட வரம்பாக, பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நயாஷ் (NIOSH) சொல்வது 85 டெசிபலில் 8 மணி நேரம்; அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. அப்படியானால் 94 டெசிபலில் ஒரே மணி நேரம். அது வளர்ந்தவர்களுக்குப் போட்ட கணக்கு. பிள்ளைகளின் காதுக்கு இன்னும் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். கருவி எதுவும் இல்லாமலே ஒரு சோதனை: ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காது மூடியைப் போடும் நேரம் வந்துவிட்டது.

‘க’ முடிந்ததும் கட்டாயம் ஒரு ‘த’. இருபது நிமிடம், அவசரம் இல்லாமல். இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் மணலில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கா டிக்கெட் எடுத்தோம் என்று தோன்றும். வெறுங்கால் பாதையை இந்த இடத்தில் வைக்கலாம். உள்ளங்கால் தோலில் தொடு உணர்வு நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதால், பத்து அடிக்குள் கூழாங்கல்லிலிருந்து பாசிக்கு மாறுவதே பெரிய செய்தி. பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அது நிற்கும் இடத்தில் நில்லுங்கள். வெயில் நாளில் ரப்பர் தளமும் செயற்கைப் புல்லும் காற்றைவிட மிக அதிகமாகச் சுடும். புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் கால் வைக்கக் கூடாது. முடிந்ததும் கால் கழுவி, விரலிடுக்கு உட்பட ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மணத் தோட்டத்தில் நான்கைந்து செடி முகர்ந்ததும் மூக்கு மரத்துவிடும். அப்போது உங்கள் சட்டைக் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தொடருங்கள். பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாகவும் இருக்கும்.

‘சு’ எப்போது? சாப்பாட்டுக்கு முன்னால், அதுவும் குறைவாக. உட்காதின் வளையங்களுக்குள் இருக்கும் திரவம், நாம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். உலகம் சுற்றுவது அதனால்தான். தலைசுற்றல் சீக்கிரம் நின்றாலும் குமட்டல் வெகுநேரம் தங்கிவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது அபூர்வம். பள்ளிப் பருவத்தில்தான் அதிகம். முகம் வெளிறுவது, கொட்டாவி, திடீர் மௌனம் மூன்றும் முன்னறிவிப்பு. இரண்டு ‘சு’ அடுத்தடுத்து வேண்டாம். சுற்றி இறங்கியதும் ஒரு ‘உ’ வைத்தால், அதாவது எதையாவது பிடித்து ஏறவைத்தால், பிள்ளை சீக்கிரம் சமநிலைக்கு வரும்.

சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாக எதுவும் வேண்டாம். காலையில் பிடித்ததில் ஒன்றுக்கு மறுபடி போகட்டும். எதற்கு என்று பிள்ளையே சொல்லட்டும். கடைசியாக நீர் அல்லது மணல், அதோடு வாசல்.

இரண்டு பாதுகாப்பு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் பிள்ளையின் கால் ஓரத்தில் மாட்டும்போது பெரியவரின் எடையும் சேர்ந்து இழுக்க, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறது. தனியாகச் சறுக்கப் பயந்தால் இன்றைக்கு வேண்டாம். டிராம்போலினில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். பலர் சேர்ந்து குதிக்கும்போது அடிபடுவது அநேகமாக அவர்களில் சின்னதுதான். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிராம்போலினே வேண்டாம் என்பது அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் நிலை.

படி 7: பொங்கி வழிந்துவிட்டால்

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு கட்டத்தில் யாராவது உடைவார்கள். பொம்மை கேட்டு அடம்பிடிக்கும் அழுகையும் இதுவும் ஒன்றில்லை. அடத்தில் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழும். இதில் நம்மைப் பார்க்காது, கேட்டது கிடைத்தாலும் நிற்காது. திட்டுவதற்கும் சமாதானத்துக்கும் இது நேரம் இல்லை. முதலில் இடத்தை மாற்றுங்கள். பேச்சைக் குறையுங்கள், ‘இங்கே இருக்கேன்’ போதும். சுற்றி நிற்பவர்களைப் பார்க்காதீர்கள். பிள்ளைக்குப் பிடிக்கும் என்றால் மட்டும் இறுக்கமாக அணைத்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் தொடுகையே இன்னொரு சுமை. தண்ணீர், நிழல், காது மூடி. அரை மணி நேரம்கூட ஆகலாம்.

மற்ற பிள்ளையை அந்த அரை மணி நேரம் யார் பார்த்துக்கொள்வது என்பதைக் காலையிலேயே பேசிவைத்திருக்க வேண்டும். பெரியவர்கள் இருவர் என்றால் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுங்கள். பெரியவன் இன்னும் பத்து இடம் பாக்கி என்று கோபப்பட்டானே, அது நியாயமான கோபம். தங்கைக்காக அவன் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் தடவை போனபோது காலை பதினோரு மணிமுதல் ஒரு மணி நேரம் அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் தனியாக விட்டுவிட்டோம். கயிற்றுப் பாலத்தை நான்கு முறை கடந்தார்களாம்.

தாத்தா பாட்டி வந்தால் அவர்களுக்கு மணத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நிழலான ஒரு பெஞ்சைக் குடும்பத்தின் கூடாரமாக்கிவிடுங்கள். பை அங்கே இருக்கும், தொலைந்தவர் அங்கே வரலாம், களைத்தவர் அங்கே உட்காரலாம். கைக்குழந்தைக்கும் அதே இடம்தான்.

படி 8: கிளம்புவது

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கிளம்ப வேண்டும். கஷ்டம்தான். 20 நிமிடம், 10 நிமிடம், 5 நிமிடம் என்று மூன்று முறை சொல்லுங்கள். கடைசி இடம் எது என்று பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். நினைவுப் பொருள் கடை வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்றால், உள்ளே போகுமுன்பே ‘இன்றைக்கு ஒன்று வாங்குவோம்’ அல்லது ‘வாங்க மாட்டோம்’ என்று தீர்மானமாகச் சொல்லியிருக்க வேண்டும். வண்டியில் பாட்டு வேண்டாம். கேள்வியும் வேண்டாம். ‘எது பிடித்தது?’ என்று மறுநாள் கேட்டுக்கொள்ளலாம், அன்றைக்கு அவர்களுக்குச் சொல்ல வராது.

மறுநாள் அந்தப் பழைய தாளை எடுத்துத் திருத்துங்கள். எங்கள் தாளில் மகளின் ‘தவிர்ப்பது’ கட்டத்தில் இருந்த சேற்றை அவளே அடித்துவிட்டு, ‘தேடுவது’ பக்கத்தில் எழுதிவைத்தாள். ஒலிக்கூடம் இன்னும் அதே கட்டத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் அவள் கையெழுத்தில் ‘காது மூடி போட்டால் பரவாயில்லை’.